டிராவல் டிரெய்லர்ல சாமான் அடுக்குறது: டப்பா வாங்குறதுக்கு முன்னாடி எடையைப் பாருங்க

நீங்க கேட்டதை முதல்ல சுருக்கமா சொல்லிடறேன். சுமார் 7 மீட்டர் நீள டிராவல் டிரெய்லர் (வண்டிக்குப் பின்னாடி மாட்டி இழுத்துக்கிட்டுப் போற சின்ன வீடு), மூணு ட்ரிப் போயாச்சு, ஒவ்வொரு தடவை போய் நிறுத்தும்போதும் மேல் கப்போர்டு திறந்து சாமான் எல்லாம் தரையில கிடக்குது, வேணுங்கிற பொருள் வேணுங்கிற நேரத்துல கைக்குக் கிடைக்கிறதில்ல, அதனால எந்த மாதிரி டப்பா, ஹூக், ஷெல்ஃப் வாங்கினா சரியா இருக்கும்னு கேட்டிருக்கீங்க.

டப்பா பத்தி கண்டிப்பா சொல்றேன், ஆனா கடைசியில. பல வருஷமா டிரெய்லர் இழுத்துக்கிட்டு போறதுல நான் கத்துக்கிட்ட முக்கியமான விஷயம் இதுதான்: டிரெய்லர்ல இடம் தீர்றதுக்கு முன்னாடியே எடை தீர்ந்துடும். புதுசா வாங்கினவங்க எல்லாரும் காலி இடத்தைப் பார்த்து அடுக்குறாங்க, ஒரு மூலை காலியா இருந்தா அதுக்கு ஒரு டப்பா வாங்கி ரொப்பிடறாங்க. வீட்டு அலமாரிக்கு அது சரி, அது ஓடப்போறதில்ல. இது வேகமா ஓடுற ரோட்டுல உங்க வண்டிக்குப் பின்னாடி ஆடிக்கிட்டு வர்ற வீடு, இதுல எந்தப் பொருள் எங்க உட்காருதுங்கிறது ஓட்டுறவரோட கட்டுப்பாட்டையே மாத்திடும்.

டிரெய்லர் வெளிப்பக்கத்துல, பெரும்பாலும் முன்பக்கம் இடது ஓரமா, ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதுல மொத்தமா எவ்வளவு எடை தாங்கும்னு போட்டிருக்கும், அதுலேர்ந்து காலி எடையைக் கழிச்சா நீங்க ஏத்தக்கூடிய சாமான் எடை கிடைக்கும். உதாரணத்துக்கு மொத்தம் 3200 கிலோ, காலி எடை 2600 கிலோன்னு வச்சுக்கோங்க, மிச்சம் 600 கிலோ. நிறைய இருக்கிற மாதிரி தெரியும். ஆனா 150 லிட்டர் தண்ணி டேங்கை ரொப்பினா அதுலயே 150 கிலோ போயிடும், லிட்டருக்கு ஒரு கிலோ, அதுல தள்ளுபடி கிடையாது. அப்புறம் பேட்டரி, கேஸ், வாங்கின இடத்துல கூடுதலா மாட்டிக் குடுத்த ஐட்டங்கள், இதெல்லாம் பல டிரெய்லர்கள்ல அந்தக் காலி எடைக் கணக்குல சேர்ந்திருக்காது. நாலு பேரோட துணி, படுக்கை, பாத்திரம், மளிகை, மடக்கு நாற்காலி, டூல்ஸ்னு கூட்டிக்கிட்டே வந்தா 600 எங்க போச்சுன்னே தெரியாது.

அடுத்தது அந்த எடை எங்க உட்காருதுங்கிறது. ஹிட்ச், அதாவது வண்டியோட டிரெய்லரை மாட்டுற இணைப்பு, அது மேல டிரெய்லரோட மூக்கு எவ்வளவு அமுக்குதோ அதுக்குப் பேர் டங் வெயிட். அமெரிக்கா, கனடா பாணி டிராவல் டிரெய்லருக்கு சாமான் ஏத்தின மொத்த எடையில 10 முதல் 15 சதவீதம் அங்க இருக்கணும், அதாவது 3000 கிலோ டிரெய்லர்னா 300லேர்ந்து 450 கிலோ. ஐரோப்பிய காரவன்களுக்கு இது குறைவு, 5லேர்ந்து 7 சதவீதம்னு சொல்வாங்க, அதனால எந்த நாட்டு டிரெய்லரோ அந்தக் கம்பெனி மேனுவலையும் உங்க வண்டியோட ஹிட்ச் லிமிட்டையும் பார்த்துக்கோங்க. இது குறைஞ்சா டிரெய்லர் பின்னாடி வால் ஆட்ட ஆரம்பிக்கும், பக்கத்துல ஒரு பெரிய லாரி கடந்து போனாலே போதும், அந்த ஆட்டம் பெருசாகி வண்டியையே இழுத்துடும். ரொம்ப அதிகமானா வண்டியோட பின்பக்கம் உட்கார்ந்து முன் டயர் லேசாயிடும், ஸ்டீயரிங்கும் பிரேக்கும் சரியா பிடிக்காது.

அதனால கனமான சாமான் எல்லாம் ஆக்ஸிலுக்கு (சக்கரங்களை இணைக்கிற அச்சு) மேல, இல்லேன்னா ஆக்ஸிலுக்குக் கொஞ்சம் முன்னாடி, தரையோட தரையா இருக்கணும். இதுல நிறைய பேர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கு. முன்னாடி 80 கிலோ வச்சாச்சு, அதுக்கு ஈடா பின்னாடி 80 கிலோ வச்சா பேலன்ஸ் ஆயிடும்னு நினைப்பாங்க. டங் வெயிட் நம்பர் சரியாத்தான் வரும், ஆனா ரெண்டு முனையிலயும் கனம் இருக்கிற டிரெய்லர் ஆட ஆரம்பிச்சா அதை நிறுத்துறது கஷ்டம். ஒரு கம்போட ரெண்டு முனையிலயும் கல்லைக் கட்டி நடுவுல பிடிச்சு ஆட்டிப் பாருங்க, அதே கல்லை நடுவுல கட்டி ஆட்டிப் பாருங்க, வித்தியாசம் கையில தெரியும். பின் பம்பர்ல சைக்கிள் ஸ்டாண்ட் மாட்டுறதும் இதே காரணத்துக்காகத்தான் எனக்குப் பிடிக்காது, அது போக பல டிரெய்லர்கள்ல அந்த பம்பர் மெல்லிசான தகடு, கழிவு ஹோஸ் உள்ள போட்டு வைக்கத்தான் ஆகும், கனம் தாங்குறதுக்குன்னு பண்ணினது இல்ல.

இடது வலது பேலன்ஸும் பாருங்க. கிச்சன், ஃபிரிட்ஜ், ஸ்லைடு (நிறுத்தினதும் வெளிய நீட்டிக்கிற அறைப்பகுதி) எல்லாம் ஒரே பக்கமா இருந்தா அந்தப் பக்கம் ஏற்கனவே கனம், அப்ப டூல்ஸையும் டின் சாமானையும் எதிர்ப்பக்கம் கொண்டு போங்க. தண்ணி டேங்க் எங்க இருக்குன்னும் கண்டுபிடிங்க, ஆக்ஸிலுக்குப் பின்னாடி இருந்தா அதை ரொப்பினதும் டங் வெயிட் குறையும், முன்னாடி இருந்தா கூடும். போற இடத்துல தண்ணி கிடைக்கும்னா கொஞ்சமா மட்டும் ரொப்பிக்கிட்டுப் போங்க. கழிவுத் தண்ணி டேங்க் ரெண்டையும் கிளம்புறதுக்கு முன்னாடியே காலி பண்ணிடுங்க.

எடையை ஊகிக்காதீங்க, ஒரு தடவையாவது வே பிரிட்ஜ்ல ஏத்திப் பாருங்க, லாரி எடை போடுற இடம் எல்லாம் போதும். நிஜமான ட்ரிப்புக்குக் கிளம்புற மாதிரி எல்லாத்தையும் ஏத்திக்கிட்டுப் போய் டிரெய்லர் மாட்டின நிலையில வண்டியோட சக்கரங்கள் மட்டும் எவ்வளவுன்னு ஒரு ரீடிங், டிரெய்லரைக் கழட்டி வச்சிட்டு வண்டி மட்டும் ஒரு ரீடிங், இது ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் டங் வெயிட். எடையைப் பகிர்ந்து குடுக்கிற ஸ்பிரிங் பார் ஹிட்ச் வச்சிருந்தா அந்தப் பாரைக் கழட்டிட்டுத்தான் எடுக்கணும், இல்லேன்னா நம்பர் குறைச்சலா காட்டும்.

வீட்லயே டங் வெயிட் பார்க்கவும் வழி இருக்கு. ஒரு உறுதியான கட்டை எடுத்து அதோட ஒரு முனையை செங்கல் மேலயும் இன்னொரு முனையை பாத்ரூம் எடை மெஷின் மேலயும் வையுங்க, ரெண்டும் ஒரே உயரத்துல இருக்கணும், செங்கல்லேர்ந்து 30 செ.மீ., மெஷின்லேர்ந்து 60 செ.மீ. தூரத்துல டிரெய்லரோட மூக்கு அந்தக் கட்டையில உட்காரணும், கட்டையோட எடையை முன்னாடியே கழிச்சுட்டு மெஷின் காட்டுறதை 3 ஆல பெருக்கிக்கோங்க. டிரெய்லர் சமதளத்துல நிக்கணும், சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் தடுப்புக் கட்டை போட்டிருக்கணும், இதுல மட்டும் அலட்சியம் வேண்டாம்.

இப்ப அடுக்குற வேலைக்கு வருவோம். ஒரு நாள் ஒதுக்கி டிரெய்லர்ல இருக்கிற எல்லாத்தையும் வெளிய எடுத்து ஒரு தார்ப்பாய் மேல பரப்புங்க. எல்லாத்தையும்னா எல்லாத்தையும், சீட்டுக்கு அடியில மறந்து போனது வரைக்கும். மூணு ட்ரிப்லயும் தொடாத பொருளை வீட்டுக்குள்ள கொண்டு போயிடுங்க. முதலுதவிப் பெட்டி, ஸ்பேர் டயர் சாமான், தீயணைப்பான், ஃப்யூஸ் மாதிரி ஐட்டங்கள் மட்டும் விதிவிலக்கு, அதெல்லாம் தொடாம இருக்கிறதுதான் நல்லது. ஒரே வேலைக்கு ரெண்டு மூணு பொருள் இருந்தா ஒண்ணு போதும். மழை வந்தா, கெஸ்ட் வந்தா, அது நடந்தா இது நடந்தான்னு ஏத்துற சாமான்தான் பாதி எடை, இதை நான் எத்தனையோ டிரெய்லர்ல பார்த்துட்டேன்.

மிச்சம் இருக்கிறதை வகைப்படி பிரிக்காதீங்க, எப்ப தேவைப்படும்ங்கிற வரிசைப்படி பிரிங்க. நீங்க தேடித் தேடி அலையறதுக்குக் காரணம் இங்கதான் இருக்குன்னு நினைக்கிறேன். போய் நிறுத்தினதும் முதல்ல என்ன வேணும்? சக்கரத் தடுப்புக் கட்டை, டிரெய்லரைச் சமமா நிறுத்த சக்கரத்துக்கு அடியில வைக்கிற லெவலிங் பிளாக், ஜாக் அடியில வைக்கிற பலகை, டிரெய்லர் ஆடாம இருக்க கீழ இறக்குற ஸ்டெபிலைசர் கால்களைச் சுத்துற கைப்பிடி, கிளவுஸ். அப்புறம் கரண்ட் கேபிள், சர்ஜ் ப்ரொடெக்டர், தண்ணி ஹோஸ், பிரஷர் ரெகுலேட்டர். அதுக்கும் அப்புறம்தான் நாற்காலி, மேட், விளக்கு. வெளி ஸ்டோரேஜ்ல, அதாவது முன்பக்கம் ஒரு கதவுலேர்ந்து இன்னொரு கதவு வரைக்கும் குகை மாதிரி போகுமே அதுல, இதே வரிசையில கதவோரத்துலேர்ந்து உள்ள போகணும். முதல்ல வேணுங்கிறது கதவுக்கிட்ட, கடைசியில வேணுங்கிறது நடுவுல. கரண்ட், தண்ணி கனெக்ஷன் எந்தப் பக்கமோ அந்தப் பக்கக் கதவுக்கிட்ட கேபிளும் ஹோஸும், வாசல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் நாற்காலியும் மேட்டும். டிரெய்லரைச் சுத்தி நடக்குற நடையே பாதியாகும், மழையில போய் நிறுத்துற அன்னிக்கு இதோட அருமை தெரியும். அந்தக் குகை முன்பக்கம் இருக்கிறதால அங்க வைக்கிற ஒவ்வொரு கிலோவும் பெரும்பாலும் டங்லதான் ஏறும், அதையும் மறக்காதீங்க.

கழிவு ஹோஸும் குடிதண்ணி ஹோஸும் ஒரே பெட்டியில இருக்கவே கூடாது. ஒரே கம்பார்ட்மென்ட்ல இருக்கிறதும் வேண்டாம். கழிவு ஹோஸ், அதோட எல்போ (வளைஞ்ச இணைப்புக் குழாய்), அதுக்குன்னு ஒரு கிளவுஸ், அதைக் கழுவுறதுக்குன்னு வேற நிறத்துல ஒரு தனி ஹோஸ், இதெல்லாம் மூடி போட்ட டப்பாவுல தனியா இருக்கணும். குடிதண்ணி ஹோஸை உள்ள தண்ணி வடிச்சு ரெண்டு முனையையும் ஒண்ணோட ஒண்ணு திருகி வச்சிடுங்க, பூச்சியும் தூசியும் போகாது. இது குடும்பத்தோட வயித்து விஷயம், இடம் இல்லேன்னு விட்டுக்குடுக்காதீங்க.

டைனிங் சீட்டுக்கு அடியில, கட்டிலுக்கு அடியில இருக்கிற இடம் ஆக்ஸிலுக்குப் பக்கத்துல இருந்தா கனமான சாமானுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனா ரொப்புறதுக்கு முன்னாடி டார்ச் அடிச்சு உள்ள பாருங்க. தண்ணி பம்ப், வாட்டர் ஹீட்டரோட பின்பக்கம், கன்வெர்ட்டர் (வெளிக் கரண்டை பேட்டரிக்கு ஏத்த மாதிரி மாத்துற பெட்டி), ஹீட்டர் டக்ட் இதெல்லாம் பெரும்பாலும் அங்கதான் ஒளிஞ்சிருக்கும். எங்க டிரெய்லர்ல ஒரு தடவை டூல் பாக்ஸைச் சும்மா உள்ள தள்ளி வச்சிருந்தேன், ரோடு பூரா அது நகர்ந்து நகர்ந்து பம்புக்குப் போற பைப் ஜாயின்ட்டை இடிச்சிருக்கு, சொட்டுச் சொட்டா லீக் ஆகி ரெண்டு நாள் கழிச்சு தரை பிளைவுட் ஊறினப்பதான் கண்டுபிடிச்சோம். அப்புறம் ஒரு பலகையை நடுவுல தடுப்பா அடிச்சேன், பம்ப் ஒரு பக்கம், சாமான் ஒரு பக்கம். கன்வெர்ட்டர் சூடாகும், அதுக்குக் காத்து வேணும், உள்ள சூடாக்குற ஃபர்னஸுக்கு காத்து இழுக்கிற கிரில் இருக்கும், அது முன்னாடி துணிப்பை, செருப்பு எதுவும் வேண்டாம். ஃப்யூஸ் பாக்ஸ், தண்ணி வால்வு, இதையெல்லாம் சாமானை இறக்காம தொட முடியணும்.

மேல் கப்போர்டு ஏன் திறக்குதுன்னா, ரோட்டுல டிரெய்லர் குலுங்கும்போது, திரும்பும்போது, உள்ள இருக்கிற சாமான் வழுக்கி வந்து கதவை உள்ளேர்ந்து முட்டுது. அந்தக் கதவுல இருக்கிறது சின்ன உராய்வுக் கேட்ச், அது தாங்காது. ஆக்ஸிலுக்குப் பின்னாடி இருக்கிற கப்போர்டு இன்னும் மோசம், குலுக்கல் அங்கதான் அதிகம். அதனால லாக் மாத்துறதுக்கு முன்னாடி உள்ள இருக்கிறதை மாத்துங்க. மேல இருக்கிற கப்போர்டுல துணி, டவல், டிஷ்யூ, பிளாஸ்டிக் தட்டு மாதிரி லேசானது மட்டும். டின், பாட்டில், இரும்புச் சட்டி எல்லாம் கீழ. ஷெல்ஃப்ல வழுக்காத ரப்பர் வலை விரிப்பு போடுங்க, அதிகம் செலவு ஆகாது, பாதி பிரச்னை அதுலயே முடியும். கதவோரமா மெத்துனு ஒரு டவல் சுருளை வச்சா சாமான் முட்டாது. அதுக்கும் மேல திறந்தா குழந்தைங்களுக்காக வீட்டுல மாட்டுற லாக்கோ அமுக்கித் திறக்கிற பட்டன் லாக்கோ மாட்டிக்கலாம். ஃபிரிட்ஜுக்குள்ள ஸ்பிரிங் வச்ச குறுக்குக் கம்பி மாட்டுங்க, அது இல்லாம ஓட்டினா கதவைத் திறக்கும்போது எல்லாம் மேல விழும்.

பாத்திரத்துல ஒண்ணுக்குள்ள ஒண்ணு போற செட், கைப்பிடி கழட்டக்கூடியது, இது ரெண்டும் உண்மையிலயே இடத்தை மிச்சப்படுத்தும். கண்ணாடிப் பாத்திரம்தான் வேணும்னா நடுவுல துணியோ பழைய சாக்ஸோ போடுங்க. அலுமினிய கூல்டிரிங் கேன் நிறைய எடுத்துட்டுப் போறவங்க ஒண்ணு கவனிங்க, நீண்ட தூரம் ஒண்ணோட ஒண்ணு உரசிக்கிட்டே வந்தா அந்த மெல்லிய உலோகம் தேஞ்சு ஊசி ஓட்டை விழுந்துடும், நடுவுல அட்டை வச்சு டைட்டா அடுக்கணும்.

சுவர்ல ஹூக் மாட்டுறது பத்தி. டிரெய்லர் சுவர் வீட்டுச் சுவர் கிடையாது, உள்பக்கப் பேனல் சில மில்லிமீட்டர் தடிமன்தான், பின்னாடி ஃபோம், வயர், சில இடத்துல பைப். கண்ட இடத்துல ஸ்க்ரூ போட்டா கனம் தாங்காது, வயரைக் குத்தினா அது பெரிய ஆபத்து. கப்போர்டு ஃபிரேம் மரத்துல போடலாம், அதுவும் குட்டையான ஸ்க்ரூ, முதல்ல சின்னதா ஓட்டை போட்டுட்டு. ஒட்டுற ஹூக் போதும்னா சுவரை ஆல்கஹால் போட்டு நல்லா துடைச்சிட்டு ஒட்டி ஒரு நாள் விட்டுட்டு அப்புறம் மாட்டுங்க, வெயில்ல மூடிக் கிடக்குற டிரெய்லர் உள்ள அடுப்பு மாதிரி சூடாகும், பசை இளகும், அதனால தொப்பி, சாவி, டவல் அளவோட நிறுத்திக்கோங்க.

சரி, இப்ப டப்பா. முதல்ல கதவை அளங்க, உள் இடத்தை இல்ல. வெளி ஸ்டோரேஜ்ல உள்ள 60 செ.மீ. உயரம் இருக்கும், கதவு 35தான் இருக்கும், அழகான பெரிய டப்பா வாங்கிட்டு வந்து உள்ளயே போகாம நிக்கிறவங்க நிறைய. வட்டமான டப்பா வேண்டாம், சதுரம், நீள்சதுரம் மட்டும். ஒரு ஆள் நிரப்பின நிலையில ஒரு கையால இழுக்க முடியணும், அதைவிடப் பெருசு வேண்டாம், பெரிய டப்பாவுக்கு அடியில போனது திரும்பி வராது. வெளியில வைக்கிறதுக்கு மூடி போட்ட, உள்ள தெரியுற கெட்டி பிளாஸ்டிக், உள்ள வைக்கிறதுக்கு துணிக்கூடை, அது சத்தம் போடாது, மூலை இடிக்காது, காலியானா மடங்கிடும். வெற்று டப்பாவும் எடைதான், பத்து கெட்டி டப்பா சேர்ந்தா கணிசமா வரும்.

துணிக்கு ஆளுக்கு ஒரு கூடை, அதுல அடங்குறது மட்டும்னு ஒரு கணக்கு வச்சுக்கோங்க. குளிர் போர்வையை குஷன் உறைக்குள்ள திணிச்சு வச்சா பகல்ல தலையணை, ராத்திரி போர்வை. காத்தை உறிஞ்சி எடுக்கிற பை இடத்தைத்தான் குறைக்கும், எடையைக் குறைக்காது, அதை நம்பி இன்னும் நாலு ஜமுக்காளம் ஏத்திடாதீங்க. வெளிச்சுவரை ஒட்டி துணியை அழுத்தி அடுக்காதீங்க, குளிர் நாள்ல நாம விடுற மூச்சே அந்தச் சுவர்ல வேர்த்து நிக்கும், பூஞ்சை வரும், ரெண்டு விரல் இடைவெளி விடுங்க. மெத்தைக்கு அடியிலயும் அதே கதைதான், அப்பப்ப தூக்கி விடணும்.

சில விஷயம் எங்க வைக்கக்கூடாதுன்னு சொல்லியே ஆகணும். கேஸ் சிலிண்டர், பெட்ரோல் கேன், பெட்ரோல் மிச்சம் இருக்கிற ஜெனரேட்டர் எதுவும் ஆள் இருக்கிற பகுதிக்குள்ள வரவே கூடாது. கேஸ் காத்தைவிடக் கனம், தரையோட தேங்கும், அதனாலதான் கேஸ் அலாரம் தரைக்கிட்ட இருக்கு, அதுக்கு முன்னாடி கூடையோ பையோ வச்சு மறைக்காதீங்க. அவசர ஜன்னல் இருக்கிற கட்டில் மேல ஷெல்ஃப் கட்டாதீங்க, குழந்தை கூட அந்த லீவரைத் தொட முடியணும். தீயணைப்பான் வாசல் பக்கம், எதுக்கும் பின்னாடி இல்ல.

கிளம்புற அன்னிக்கு குளியல் தொட்டி ஒரு அருமையான ஸ்டோரேஜ், அழுக்குத் துணிக்கூடை, ஈரமான மேட், விழக்கூடிய கிச்சன் சாமான் எல்லாம் அதுல வச்சிடலாம், கவிழ்ந்தாலும் சிந்தினாலும் பிரச்னை இல்ல. ஸ்லைடு இருந்தா அது உள்ள வர்ற பாதையில தரையில ஒரு செருப்பு கூட இருக்கக்கூடாது.

எல்லாம் அடுக்கி முடிச்சதும் ஒவ்வொரு கதவையும் திறந்து போன்ல ஒரு ஃபோட்டோ எடுத்து வச்சுக்கோங்க, வீட்ல யார் கேட்டாலும் காட்டலாம், திரும்ப அடுக்கும்போதும் அதே மாதிரி அடுக்கலாம். முதல் 50 கிலோமீட்டர் ஓட்டிட்டு ஒரு இடத்துல நிறுத்தி உள்ள போய்ப் பாருங்க, எது நகர்ந்திருக்கோ அதுதான் இன்னும் சரியா உட்காரல, அதை மட்டும் மாத்துங்க. பெருசா எதையாவது இடம் மாத்தினா டங் வெயிட்டைத் திரும்பப் பார்த்துடுங்க.

இந்த வாரம் ஸ்டிக்கர்ல இருக்கிற மொத்த எடை, டிரெய்லரோட காலி எடை, வே பிரிட்ஜ் ரீடிங், தண்ணி டேங்க் ஆக்ஸிலுக்கு முன்னாடியா பின்னாடியா, இந்த நாலும் எழுதி அனுப்புங்க. அதைப் பார்த்துட்டு உங்க பின்பக்கக் கப்போர்டுல எவ்வளவு வரைக்கும் வைக்கலாம்னு நம்பராவே சொல்றேன்.